ஒரு மணிநேரம்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஒரு பருவம் பயிலச் சென்றிருந்தேன். நாள்தோறும் அங்கு மாலை 5.30 மணிக்கு அம்மாவை அழைப்பேன்; தஞ்சையில் அப்போது இரவு 9 மணி. அக்டோபர் இறுதி ஞாயிறன்று, கோடைக்கால நேரம் முடிந்து, அந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் பின்னோக்கி வைக்கப்பட்டன. இதனை வீட்டில் கூற மறந்தேன். அன்றும் 5.30 மணிக்கே அழைத்தேன். முதல் ஒலியிலேயே எடுத்த அம்மா, "சாப்பிட்டாயா?" என்றார், வேறொன்றும் வினவவில்லை. அந்த ஒரு மணிநேரமும் அவர் தொலைபேசியின் அருகிலேயே அமர்ந்திருந்ததைப் பின்னர்த் தங்கை சொன்னாள். குளிருக்கும் மொழிக்கும் நான் மட்டுமே பழகி வருவதாக எண்ணியிருந்தேன். அந்நாட்டின் நேரத்திற்கு அம்மாவும் பழகி வந்ததை அன்றே உணர்ந்தேன். மறுநாள் முதல் 4.30 மணிக்கே அழைக்கலானேன்.