அப்பாவோட கிராவல் பைக்

ஆறு மாசம் ஜெர்மனியில ஆணி புடுங்கிட்டு ஊருக்குத் திரும்பறவன் என்ன கொண்டு வருவான்? சாக்லேட், சென்ட் பாட்டில், சித்தப்பாவுக்கு ஒரு ஷேவிங் செட். நான் கூடுதலா ஒரு வியாதியையும் கொண்டு வந்தேன். சைக்கிள் வியாதி.

மேற்கு ஜெர்மனியில ஐஃபல்னு ஒரு எரிமலைப் பிரதேசம் இருக்கு. பயப்படாதீங்க, கடைசியா வெடிச்சே சுமார் 11,000 வருஷம் ஆச்சு. பூமிக்கடியில நெருப்புக் குழம்பும் தண்ணியும் சந்திச்சு, படார்னு வெடிச்ச பள்ளங்கள் எல்லாம் இப்போ வட்ட வட்டமா ஏரிகளா நிக்குது. அங்க டவுன்னு ஒரு ஊர். பேர்தான் டவுன், நம்ம லால்குடி அளவுக்குக்கூட கூட்டம் கிடையாது. அங்கேர்ந்து மோசல் நதிக்கரை வரைக்கும் 58 கிலோமீட்டர், ரயில் நின்னு போன பழைய தண்டவாளப் பாதையை சைக்கிள் பாதையா மாத்தி வச்சிருக்காங்க. ரயில் ஓடின பாதைங்கறதால மூச்சு முட்டற ஏத்தம் கிடையாது. ரெண்டு பக்கமும் காட்டுக்குள்ள பிரியற சரளைக்கல் பாதைகள் வேற. ஒரு சனிக்கிழமை முழுக்க ஓட்டினேன். பின்னாடி ஒரு ஹாரன் சத்தம்கூட கேக்கல. சாயங்காலம் ஒரு ஏரிக்கரையில உக்காந்தப்போ, சம்பந்தமே இல்லாம அப்பா ஞாபகம் வந்துச்சு.

ஏன்னு சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். ஸ்ரீரங்கத்துலேர்ந்து தினமும் காவேரிப் பாலம் தாண்டி, டவுனுக்குள்ள புகுந்து (இது நம்ம டவுன்), பொன்மலைக்கு ஒரு ஹெர்குலஸ் சைக்கிள்ல போய் வருவார். மழை, வெயில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், எதுக்கும் லீவு கிடையாது. 2016-ல நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, பாலத்து மேல ஒரு பஸ் அவரை உரசிட்டுப் போச்சு. நிக்கல. கைப்பிடிச் சுவர்ல மோதி வலது மணிக்கட்டு உடைஞ்சுது. மூணு மாசம் மாவுக்கட்டு, பிசியோ. அதோட சைக்கிள் கொல்லைப்புறம் போயிடுச்சு. ரிட்டையர் ஆகிற வரைக்கும் பஸ்தான். "உங்க அம்மா சத்தியம் வாங்கிட்டாடா"ன்னு சொல்லிட்டார். நானும் நம்பி, அம்மா மேல உள்ளுக்குள்ள ஒரு கோவம் வச்சிருந்தேன்.

அதே 2016-லதான் கொள்ளிடத்துல புதுப் பாலம் திறந்தாங்க. பக்கத்துல இருந்த பழைய இரும்புப் பாலம் 1928-ல கட்டினது. அதுல வண்டிங்களை நிறுத்தினதும் அது ஊருக்கே வாக்கிங் பாதை ஆயிடுச்சு. அப்பாவும் போவார். "வண்டியே இல்லடா. இங்க சைக்கிள் ஓட்டலாம் போலிருக்கே"ன்னு ஒருநாள் சொன்னார். அவ்வளவு நாளைக்கு அப்புறம் அவர் வாயில சைக்கிள்ங்கற வார்த்தை வந்தது அன்னிக்குத்தான். 2018 ஆகஸ்ட்ல கொள்ளிடத்துல வெள்ளம் வந்து தூண்கள் சரிஞ்சு, பாலத்துல ஒரு பகுதி ஆத்தோட போச்சு. ஊரே வேடிக்கை பாத்துச்சு. நாங்களும் போய் நின்னோம். அப்பா ஒண்ணும் பேசல. திரும்பி வரும்போது "போச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஊருக்கு வந்ததும் சேத்து வச்சிருந்த காசுல ஒரு கிராவல் பைக் வாங்கினேன். பாக்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில் வளைஞ்சிருக்கும், ஆனா டயர் அகலம். காத்து கொஞ்சம் கம்மியா வச்சு மண், சரளைன்னு எதுலயும் ஓட்டலாம். வெலையைக் கேட்டதும் அம்மா சாமி ரூமுக்குப் போயிட்டாங்க. அப்பா மட்டும் கண்ணாடி மாட்டிக்கிட்டு டயர்ல எழுதியிருந்ததைப் படிச்சார். உள்ள போய் அவரோட பழைய வெர்னியரை எடுத்துட்டு வந்தார். என் டயரை அளந்தார், நாப்பது மில்லிமீட்டர். கொல்லைக்குப் போய் ஹெர்குலஸை அளந்தார். அதுல 28 x 1½ன்னு போட்டிருக்கும். ஒன்றரை இன்ச்ன்னா 38 மில்லிமீட்டர்.

"ரெண்டும் ஒண்ணுதானடா. இதுக்கா இவ்ளோ காசு?"

அவ்வ்வ்! ஆனா யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னது நிஜம். தார் ரோடே இல்லாத ஊர்களுக்காகச் செஞ்ச வண்டி அது. தபால்காரரும் பால்காரரும் மூட்டை ஏத்திக்கிட்டு வரப்புல ஓட்டின வண்டி. வெள்ளைக்காரன் இப்போதான் அதுக்குப் புதுப்பேரு வச்சிருக்கான். வித்தியாசம் எடையில மட்டும்தான், அவரோடது என்னோடதைப் போல ரெண்டு மடங்கு இருக்கும்.

அப்போதான் ஒரு முடிவு பண்ணேன். வண்டி இருக்கு, ஆளும் இருக்கார். வண்டிங்க தொல்லை இல்லாத பாதை ஒண்ணுதான் பாக்கி. நம்ம ஊர்ல எரிமலை கிடையாது. மலைக்கோட்டையை எரிமலைன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, அது பூமிக்கடியில உருவாகி, மேல இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷத்துல தேஞ்சு வெளிய வந்த பாறை. ஆனா வேற ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. ஆத்தங்கரை. முக்கொம்புல காவேரி ரெண்டாப் பிரிஞ்சு, தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், நடுவுல தீவா ஸ்ரீரங்கம். ரெண்டு ஆத்துக்கும் கரை இருக்கு. கரை இருந்தா பாதை இருக்கணும், இல்லையா?

காலைல அஞ்சரைக்குக் கிளம்பி ஒம்பதுக்குள்ள வீடு வந்து பொட்டி தட்ட உக்காரணும். இப்படியே ரெண்டு மாசம் தேடினேன். ஜிபிஎஸ்ல ஒவ்வொரு பாதையையும் பதிஞ்சு, எக்செல்ல போட்டு (தொழில் புத்தி!), லாரி, நாய், முள், நிழல்னு மார்க் குடுத்தேன்.

முதல்ல கிழக்கே போனேன். திருவானைக்காவல்லேர்ந்து பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியா கல்லணை. வாழைத்தோப்பும் நெல்லுமா கண்ணுக்குக் குளிர்ச்சி. கரிகாலன் கட்டின அணையில போய் முடியற பாதைங்கறதே ஒரு கெத்துதான். ஆனா அது பஸ் போற ரோடு, ரொம்ப அகலமும் கிடையாது. அதோட வெள்ளம் வந்தா உத்தமர்சீலி தரைப்பாலத்து மேல தண்ணி ஏறி காவேரியிலேர்ந்து கொள்ளிடத்துக்குப் பாயும், அன்னிக்கு ரோடே கிடையாது. எனக்கு ஓகே. அப்பாவுக்கு ஆகாது.

அடுத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை. ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால், ஆயிரம் வருஷம் தாண்டியும் தண்ணி ஓடுது. ஆனா அங்க போகணும்னா காவேரிப் பாலத்தைத் தாண்டணும். எந்தப் பாலம்னு உங்களுக்கே தெரியும். அடிச்சுட்டேன்.

கடைசியா மேற்கே, மேலூர். தெற்கு கோபுரத்துப் பக்கம் இருக்கிற இரைச்சல் இங்க கிடையாது. தென்னை, வாழை, நடுவுல மண்வாசனை. 2015-ல திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரைக்கும் நல்ல ரோடு, காலைல ஆளே இருக்காது. அதுக்கு மேல கரையோரமா மண்ணும் சரளையும். சீமைக்கருவேல முள் மட்டும் எமன், முதல் நாளே ரெண்டு பஞ்சர். வண்டியைத் தள்ளிட்டு வந்தப்போ அப்பாதான் ட்யூபைக் கழட்டி, பக்கெட் தண்ணியில அமுக்கி, குமிழி வர்ற இடத்தைக் காட்டி, உப்புத்தாள் தேச்சு ஒட்டுப்போட்டுக் குடுத்தார். இன்ஜினியரிங் நாலு வருஷத்துல இதைச் சொல்லித் தரல.

முக்கியமான விஷயம், வீட்டுலேர்ந்து அங்க போக ஒரு பாலம்கூடத் தாண்ட வேண்டாம்.

ஹெர்குலஸுக்கு டயர், ட்யூப், பிரேக் கட்டை எல்லாம் மாத்தினோம். ஒரு ஞாயித்துக்கிழமை இருட்டு பிரியறதுக்கு முன்னாடி, "சும்மா உருட்டிட்டு வரலாம் வாங்கப்பா"ன்னேன். அம்மா வாசல்ல நின்னாங்க. சத்தியத்தை ஞாபகப்படுத்துவாங்கன்னு நான் பதிலோட ரெடியா இருந்தேன். அவங்க "மஃப்ளர் கட்டிக்கோங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

வீதி முனை வரைக்கும் தள்ளிட்டே வந்தார். ஏறினதும் ஹேண்டில் ஆடுச்சு. நான் பின்னாடியே போனேன். சின்ன வயசுல சீட்டைப் பிடிச்சுக்கிட்டு அவர் என் பின்னாடி ஓடி வந்தது ஞாபகம் வந்துச்சு. ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி தாண்டிப் போனப்போ சட்டுன்னு காலை ஊனி நின்னுட்டார். வலது கையை இடது கையால பிடிச்சுக்கிட்டார். ஒண்ணும் கேக்காம நானும் நின்னேன். அப்புறம் மறுபடி ஏறினார். மேலூர் தாண்டினதும் பெடல் சீராச்சு. ஒரு மதகுக்கட்டையில உக்காந்து தண்ணி குடிச்சோம்.

"உங்க அம்மா ஒண்ணும் சத்தியம் வாங்கலடா."

நான் திரும்பிப் பாத்தேன். அவர் கொள்ளிடம் பக்கமே பாத்துட்டு இருந்தார்.

"கட்டுப் பிரிச்சதும் டாக்டர் ஓட்டலாம்னுட்டார். அம்மாவும் ஒண்ணும் சொல்லல. ஒருநாள் பாலம் வரைக்கும் போனேன். ஏறல. பின்னாடி பஸ் சத்தம் கேட்டாலே கை நடுங்குச்சு. பயமா இருக்குன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? அம்மா பேரைச் சொல்லிட்டேன். அவளும் சரின்னு கேட்டுக்கிட்டா."

இத்தனை வருஷமா நான் அம்மாகிட்ட காட்டின கடுப்பை எல்லாம் ஒவ்வொண்ணா நினைச்சுப் பாத்தேன். எதுக்கும் அவங்க பதில் சொன்னதே இல்ல. எனக்கும் அப்போ அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. "போலாமாப்பா?"ன்னேன். போனோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா காபி குடுத்தாங்க. நான் டம்ளரை வாங்கிட்டு அடுப்படியிலயே கொஞ்ச நேரம் நின்னேன். "என்னடா?"ன்னாங்க. "ஒண்ணுமில்லம்மா"ன்னேன்.

போன வாரம் ஞாயித்துக்கிழமை எழுந்துக்க லேட்டாயிடுச்சு. கொல்லையில ஹெர்குலஸைக் காணோம். அப்பாவையும் காணோம். போன் சார்ஜர்லயே கிடக்கு. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. வண்டியை எடுக்க ஓடும்போது வாசல்ல மணிச்சத்தம். கேரியர்ல ஒரு வாழைப்பூ, ரெண்டு கட்டு கீரை.

இறங்கி ஸ்டாண்டு போட்டுட்டு, மஃப்ளரைக் கழட்டிக்கிட்டே சொன்னார்:

"பூங்கா தாண்டி அந்த மூணாவது வளைவுல முள்ளு கொட்டியிருக்கான். உன் எக்செல்ல போட்டுக்கோ."