நடு அறை

ரவாங். விடியற்காலை நாலரை மணி. தாமானில் ஒரு தொடர்வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

கம்பிக் கதவுக்குள் இரண்டு கார்கள், ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே நிற்கும் கார்தான் முதலில் போக வேண்டும். ஒருத்தி தூக்கக் கண்ணோடு வருகிறாள். பின்னால் நிற்கும் தன் காரை நகர்த்துகிறாள். மற்றவள் ஸ்டெதஸ்கோப்பைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டுக் கிளம்புகிறாள். இவள் திரும்பிப் போய்ப் படுக்கிறாள். ஒரு வார்த்தை பேச்சில்லை.

ஐஸ்பெட்டிக் கதவில் வேலை அட்டவணை. நான்கு பெயர்கள், நான்கு நிறங்கள். பால் பெட்டிகளிலும் பெயர்கள். கிள்ளானிலிருந்து வந்த பருப்பு டப்பாவின் மூடியில் அம்மாவின் கையெழுத்து: ‘ஞாயிறு சமைத்தது’. இன்று வியாழன். டப்பா திறக்கப்படவில்லை.

ரவாங்கில் கம்யூட்டர் ரயில் ஏறி, சுங்கை பூலோவில் எம்ஆர்டி மாறினால், கோலாலம்பூர் மருத்துவமனைக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்தார்கள். பளபளப்பான நிலையம். ஆனால் எம்ஆர்டி ஓடத் தொடங்குவது ஆறு மணி வாக்கில். பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வருவதற்குள் எல்லாக் கட்டிலிலும் ரத்தம் எடுத்தாக வேண்டும். ஆகவே கார். ஆகவே கார்க் கடன், டோல், பெட்ரோல்.

மருத்துவமனைக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பம். அதில் ஒட்டிய தாள்: குளியலறையோடு ஓர் அறை, பெண்களுக்கு மட்டும், ஆயிரத்து நூறு வெள்ளி. ரவாங் வீட்டின் மொத்த வாடகையே அதுதான். தாளின் அடியில் தொலைபேசி எண் துண்டுகள். ஒன்று மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது.

மத்தியானம். ரவாங் வீட்டில் நடு அறை காலியாகியிருக்கிறது. இருந்தவளுக்கு சபாவில் வேலை. வீட்டுக்கார ஆண்ட்டி சாவிக்கொத்தோடு நிற்கிறார். எதிரே புதிதாக வந்தவள், கையில் பிளாஸ்டிக் கோப்பு.

இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். மூன்றரை மாதப் பணம். முதல் சம்பளம் இன்னும் வரவில்லை. அவள் போனை எடுத்து அப்பாவுக்குச் செய்தி அனுப்புகிறாள்.

படிவத்தில் ஒரு கேள்வி: நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? 2016 டிசம்பர் முதல் சேர்ந்த ஹவுஸ்மேன்களுக்கு, அதாவது பயிற்சி மருத்துவர்களுக்கு, ஒப்பந்தம். பயிற்சி இரண்டு வருடம். ஆறு துறைகள், துறைக்கு நான்கு மாதம். பேனா ஒரு கணம் நிற்கிறது. பிறகு குறி போடுகிறது. ஆண்ட்டி அதைப் பார்க்கவில்லை. பெயருக்கு முன்னால் இருக்கும் ‘டாக்டர்’ அவருக்குப் போதும்.

கொடியில் ஒரு கறுப்புச் சட்டை தொங்குகிறது. முன்பு குடியிருந்த ஒருத்தி விட்டுப் போனது. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தர வேலை கேட்டுக் கறுப்பு உடையில் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றார்கள். சட்டை இப்போது கார் துடைக்கப் பயன்படுகிறது. நல்ல பருத்தி.

சுவரில் மின்சார மீட்டர். 1894இல் சுரங்க முதலாளிகள் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்துத் தண்ணீரை மின்சாரப் பம்பால் இறைத்த ஊர் இது. மலாயாவில் மின்சாரம் முதலில் வேலை செய்தது இங்கேதான் என்பார்கள். இந்த வீட்டு மீட்டர் மெல்லச் சுற்றுகிறது. ஆண்ட்டி பில்லை எடுத்துக் காட்டுகிறார்.

“டாக்டர் பிள்ளைங்கன்னா எனக்குக் கவலையே இல்லம்மா. வீட்டுல இருந்தாத்தானே கரண்டு ஓடும்.”

போன் சிணுங்குகிறது. அப்பா பணம் அனுப்பிவிட்டார். அவள் ஆண்ட்டியின் கணக்கில் கட்டுகிறாள். ஆண்ட்டி தன் போனில் தொகையைச் சரிபார்க்கிறார். இரண்டு முறை. சாவியைக் கொடுக்கிறார்.

கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். கைலியை முழங்கால் வரை தூக்குகிறார்.

“இங்கதாம்மா, படி ஏறும்போது குத்துது. என்ன மருந்து போடலாம்?”

வேலை திங்கட்கிழமைதான் தொடங்குகிறது. அவள் கோப்பைத் தரையில் வைத்துவிட்டுக் குனிகிறாள்.

“எத்தனை நாளா இருக்கு ஆண்ட்டி?”