ஒற்றைக் கொம்பு

தில்லியில் தமிழன் யாராக இருந்தாலும் அண்ணாதான். இட்லிக் கடைக்காரரும் அண்ணா, செகரட்டேரியட் அதிகாரியும் அண்ணா. ஷாபூர் ஜட்டில் நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய்வரும் டிசைன் ஸ்டூடியோவிலும் எனக்கு அதுதான் பெயர். ஏழு பேர் கொண்ட ஸ்டூடியோ. கீழ்த்தளத்தில் ஜரிகை வேலை செய்யும் பட்டறை. மாடிப்படி ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத அகலம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் பல் துலக்கும் கோப்பையை எடுத்துவிடலாம். கொஞ்சம் நடந்தால் அலாவுதீன் கில்ஜி கட்டிய சிரி கோட்டையின் இடிந்த மதில்.

என் வேலை எளியது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும் வாசகத்தைத் தமிழாக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் புரூஃப் பார்க்க வேண்டும். சொல்லுக்கு இரண்டு ரூபாய். தமிழில் எம்.ஏ. படித்தவனுக்கு இது பெரிய பதவியல்ல. ஆனால் பத்திரிகைக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பதைவிட இங்கே பணம் சீக்கிரம் வரும். ஸ்டூடியோவை நடத்தும் பஞ்சாபிப் பெண்மணியை எல்லோரும் 'திதி' என்பார்கள். என்னைவிட மூன்று வயது இளையவர். நானும் திதி என்றே கூப்பிடப் பழகிவிட்டேன்.

டிசைனர்களின் நாள் டீயில் தொடங்கி, இரண்டு பச்சைகளில் எது நல்ல பச்சை என்ற சண்டையில் நகரும். லோகோவை இன்னும் பெரிதாக்குங்கள் என்று தினமும் ஒரு வாடிக்கையாளராவது போன் செய்வார். அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை கல்யாணப் பத்திரிகைகள். வாடகை அதில்தான் ஓடுகிறது. தொண்டு நிறுவனங்களின் போஸ்டர்களில் பெயர் கிடைக்கும், காசு கிடைக்காது. மதியம் ஒன்றரைக்குக் காகிதம் வெட்டும் பெரிய மேஜையில் வீணான அச்சுத் தாள்களை விரித்து எல்லா டப்பாக்களும் திறக்கப்படும். என் எலுமிச்சை சாதம் முதலில் காலியாகும். எனக்கு திதியின் ராஜ்மா.

இவர்களோடு பழகியதில் ஒன்று புரிந்தது. நான் எழுத்தைப் படிக்கிறேன்; இவர்கள் பார்க்கிறார்கள். 'ழ' இவர்களுக்கு ஓர் ஒலியல்ல, கழுத்தை வளைத்த வாத்து. அசாமிலிருந்து வந்த இளம் டிசைனர் பெண்ணுக்குத் தமிழெழுத்து என்றால் தனிப் பிரியம். எழுத்தின் அருமை அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அசாமிய 'ர' வேறு, வங்காள 'ர' வேறு. வங்காளத்தில் கீழே ஒரு புள்ளி. அசாமியத்தில் புள்ளிக்குப் பதில் உள்ளே ஒரு கோடு. ஒருமுறை அசாமிய நோட்டீஸ் ஒன்றில் வங்காள 'ர' விழுந்ததற்காக அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தவள் அவள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கம்ப்யூட்டர்களுக்கு விடுமுறை. எல்லோரும் எங்காவது போக வேண்டும், எழுத்து பார்க்க வேண்டும். இது திதியின் சட்டம். லோதி காலனிச் சுவரோவியங்களைப் பார்த்தோம். சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் லாரி முதுகில் பெயின்டர் 'ஹார்ன் ப்ளீஸ்' எழுதுவதை வெயிலில் நின்று பார்த்தோம். அங்கே ஒரு நாமக்கல் லாரி வந்து நிற்க, முகப்பிலிருந்த முருகன் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லி என்னை வைத்துக் கொஞ்ச நேரம் வேடிக்கை.

இன்னொரு மாதம் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை. எங்கள் சனிக்கிழமை அந்த மாதம் மட்டும் ஞாயிறானது. நடைபாதையில் இருந்த அந்தச் சந்தையை 2019ல் மகிளா ஹாட் மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே குவியலிலிருந்து அட்டை கிழிந்த பழைய தமிழ்ப் பாடநூலொன்றை அந்தப் பெண் எடுத்தாள். அதிலிருந்த 'லை', 'னை' எழுத்துக்களுக்கு யானைத் தும்பிக்கை. இப்போது ஏன் இப்படி எழுதுவதில்லை என்று கேட்டாள். பெரியார் 1935ல் 'குடி அரசு' இதழில் தொடங்கிய சீர்திருத்தத்தையும், தமிழக அரசு 1978ல் அதை ஏற்றதையும் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “நம் எழுத்தில் சுழி அதிகமானால் அழகுதான்” என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன்.

2023 மே மாதம். தொண்டு நிறுவனம் ஒன்றுக்காகக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி நான்கு மொழிகளில் போஸ்டர். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். முழுவதையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும். துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இந்த வாசகங்களை நான் இரண்டு முறை எழுத்தெண்ணிப் படித்தேன். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு கொம்பையும் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

தலைப்பு மூன்றே சொல்: உயிர் காக்கும் பொடி. கணக்குப்படி எனக்கு ஆறு ரூபாய். அதை அந்தப் பெண் கையாலேயே வரைந்திருந்தாள். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூடியோவின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. “அண்ணா, சரியா?” நான் மஞ்சள் லைன் மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று சொல்தானே. கட்டை விரலைத் தூக்கும் பொம்மையைப் போட்டேன்.

நான்காயிரம் பிரதி அச்சாகி மதுரைக்குப் போன பிறகு அங்கிருந்து களப்பணியாளர் ஒருவர் பேசினார். “சார், போஸ்டர் ரொம்ப அழகா இருக்கு. ஆனா யாரைப் போகச் சொல்றீங்க?”

உயிர் காக்கும் போடி.

பகரத்துக்கு முன்னால் நின்ற கொம்பின் தலையில் அவள் அழகாக ஒரு சுழி போட்டிருந்தாள். குறில் நெடிலாகிவிட்டது. தும்பிக்கையைப் பார்த்து ரசித்தவள், சுழி அழகு என்று அண்ணாவே சொன்னதைக் கேட்டவள், வேறென்ன செய்வாள்?

எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பது தொல்காப்பியம் சொல்லும் வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் கொம்பைச் சுழித்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. எம்.ஏ. தேர்வில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மறுபடி அச்சடிக்க ரூ. 32,000. திதி எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து, “நான்தான் தப்பாக வரைந்தேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய், சரியான கொம்பு எது என்பதை அவளுக்கு விளக்கி நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். இலக்கணம் பேசுவது எவ்வளவு சௌகரியமானது! நான் பார்த்துச் சரி சொன்னதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை சாவ்டி பஜார். ஹௌஸ் காஸில் மெட்ரோ ஏறினால் நேரே அங்கே இறங்கலாம். பாதாளத்திலிருந்து எஸ்கலேட்டர்களில் மேலே வந்தால் கல்யாணப் பத்திரிகைக் கடைகள், காகித மண்டிகள், தலையில் ரீம் சுமந்து வரும் கூலிகள். அங்கிருந்து ஜும்மா மசூதிப் பக்கம் நடந்து உருது பஜார். காத்திப் என்கிற உருது எழுத்தர்கள் ஒரு காலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த தெரு. நஸ்தாலிக் எழுத்தை அச்சுக்கோப்பது முடியாத காரியம் என்று இருந்தவரை உருதுப் பத்திரிகைகளும் புத்தகங்களும் இவர்கள் கையால்தான் எழுதப்பட்டன. 1981ல் நூரி நஸ்தாலிக் எழுத்துரு வந்தது. 1994ல் இன்பேஜ் மென்பொருள் வந்தது. பிறகு பேனா வாங்க ஆளில்லை. திருவல்லிக்கேணியில் 1927ல் தொடங்கிய 'தி முசல்மான்' உருது நாளிதழ் மட்டும் அதன் பிறகும் பல ஆண்டுகள் கையெழுத்திலேயே வெளிவந்தது.

நாங்கள் பார்த்த காத்திப் எழுபதைத் தாண்டியவர். எங்கள் ஏழு பேரின் பெயரையும் நாணல் பேனாவால் எழுதிக் கொடுத்தார். எழுத்தில் எது கடினம் என்று யாரோ கேட்டார்கள். “புள்ளி” என்றார். ஒரே வடிவத்தை இரண்டு முறை எழுதினார். ஒன்றுக்குப் புள்ளி மேலே: குதா, கடவுள். இன்னொன்றுக்குக் கீழே: ஜுதா, பிரிந்து போனது. உருதுக்காரர்களுக்கு இது பழைய வேடிக்கை. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. காகிதத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தர்பூசணி மிதக்கும் ரோஸ் நிற ஷர்பத் வாங்கிக்கொண்டோம். திதியைத் தனியே அழைத்து, “தலைப்பைப் பார்த்துச் சரி என்று சொன்னது நான்தான். அவள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்” என்றேன். சொல்லும்போது எனக்கு வியர்த்தது. வெயிலும் இருந்தது.

திதி ஷர்பத்தை ஒரு வாய் குடித்தார். “தெரியும் அண்ணா. அந்தக் குழுவில் ஏழு பேரும்தானே இருக்கிறோம்? உங்கள் கட்டை விரல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரமாக நான் மறைத்து வைத்திருந்தது என் ஒருவனுக்குத்தான் ரகசியம். அத்தனை பேரும் தெரிந்துகொண்டே என் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் பணத்தை ஸ்டூடியோ ஏற்றது. மீதி ரூ. 16,000 என் கணக்கில், மாதம் இரண்டாயிரமாக எட்டு மாதம் கழிந்தது. அந்தப் பெண்ணின் சம்பளம் அப்படியே இருந்தது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, “சரி அண்ணா, ஒரு கொம்பு, சுழிக் கொம்பு, இரண்டு கொம்பு, மூன்றையும் எழுதிக் காட்டுங்கள்” என்று நோட்டை நீட்டினாள். கெ, கே, கை. இப்போதெல்லாம் கட்டை விரல் செல்லாது. தலைப்பு என்றால் போன் செய்து உரக்கப் படிக்கச் சொல்கிறாள். கூட்டமான மெட்ரோவில் நான் 'மூலநோய்க்கு முற்றுப்புள்ளி' என்று இருமுறை கத்தியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து திரும்பி வந்த பழைய போஸ்டர்கள் வீணாகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேஜையில் விரிப்பது அவற்றைத்தான். போன மாதம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், ரொட்டிக்கு அடியில் தெரிந்த பெரிய எழுத்தைக் காட்டி, “அழகாக இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டான்.

“அண்ணாவைக் கேள்” என்றாள் அவள்.

ராஜ்மா கிண்ணத்தை நகர்த்திவிட்டுப் படித்துக் காட்டினேன்.