ஓச்சனோமிசு இறக்கத்தில் ஏழாவது தந்தி

ஓச்சனோமிசு என்றால் ஜப்பானிய மொழியில் ‘தேநீருக்கான தண்ணீர்’ என்று பொருள். எடோ காலத்தில் இங்கிருந்த கோயிலின் ஊற்றுநீரில்தான் ஷோகனுக்குத் தேநீர் தயாரித்தார்களாம். அந்த ஊற்று இன்று இல்லை. தோக்கியோவின் ஓச்சனோமிசு ரயில் நிலையத்திலிருந்து மெய்தாய் சாலை இறக்கத்தில் நடந்தால் இப்போது கண்ணில் படுவதெல்லாம் கிட்டார்கள்தான். தரைத்தளத்தில் கிட்டார், முதல் மாடியில் கிட்டார், குறுகலான படியேறினால் அங்கும் கிட்டார். சில கடைகளில் நடைபாதை வரைக்கும் வரிசை கட்டி நிற்கின்றன.

சிட்டி ஹால் பக்கத்து பெனின்சுலா கடைத்தொகுதியில் கிட்டார் பார்த்துத் திரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கடைகளை வெளியே எடுத்து, ஒரு தெரு நீளத்துக்கு இழுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெய்ஜி பல்கலைக்கழகம் இதே சாலையில்தான் இருக்கிறது. மாணவர்கள் நடமாடும் இடத்தில் பழைய புத்தகமும் இசைக்கருவியும் விலைபோகத்தானே செய்யும்.

இங்கே ஒரு மரியாதை உண்டு. மாட்டியிருக்கும் கிட்டாரை நாமாக எடுக்கக்கூடாது. ‘ஷிசோ’ என்று கேட்க வேண்டும். வாசித்துப் பார்க்கலாமா என்று அர்த்தம். கடைக்காரர் கிட்டாரை இறக்கி, சுருதி சேர்த்து, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, நாற்காலி போட்டுக் கொடுப்பார். நான்கு லட்சம் யென் கிட்டாரானாலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

2024 நவம்பரில் அங்கே வேலை பார்க்கும் நண்பருடன் இந்தத் தெருவில் ஒரு மதியம் முழுவதும் சுற்றினேன். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வானொலியில் பாட்டுப் போட்டுப் பேசுவதுதான் தொழில். ஆனால் பாட்டைப் பற்றி மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்கும் ஆசை மட்டும் எப்போதும் உண்டு. பழைய கிட்டார்கள் விற்கும் ஒரு மாடியில் அது கிடைத்தது.

இரண்டு இளைஞர்களும் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அலுவலகக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். இளைஞர் ஒருவரின் சட்டையில் இருந்த ‘டிரீம் தியேட்டர்’ சின்னம்தான் பேச்சைத் தொடங்கி வைத்திருக்கிறது. நண்பர் எனக்கு மொழிபெயர்த்தார்.

டிரீம் தியேட்டர் அமெரிக்க இசைக்குழு. 1985இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த மூவர் தொடங்கியது: கிட்டார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் கிட்டார் ஜான் மியுங், டிரம்ஸ் மைக் போர்ட்னாய். புரோகிரெசிவ் மெட்டல் எனப்படும் இசைவகையில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. மெட்டல் இசையின் முழக்கம் இருக்கும். தாளமோ ஒரே பாட்டுக்குள் ஐந்து, ஏழு, ஒன்பது என்று மாறிக்கொண்டே போகும். கண்ட சாப்பும் மிஸ்ர சாப்பும் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல, சத்தம்தான் புதிது. நீளமும் புதிதுதான். என் நிகழ்ச்சியில் ஐந்து நிமிடப் பாட்டுக்கே இடம் தேட வேண்டும். இவர்களின் ‘ஆக்டவேரியம்’ 24 நிமிடம் ஓடும்.

குழுவின் ‘நைட் டெரர்’ பாடல் 2024 அக்டோபரில் வெளிவந்தது. ‘பாராசோம்னியா’ என்ற முழு ஆல்பம் 2025 பிப்ரவரி 7ஆம் தேதி வெளிவந்தது. தூக்கத்தில் வரும் கோளாறுகளைக் குறிக்கும் மருத்துவச் சொல் அது. அப்போது இன்னும் வராத மற்றப் பாடல்களில் பெட்ரூச்சி எத்தனை தந்திக் கிட்டார் வாசித்திருப்பார் என்பதுதான் கடையில் நடந்த வாக்குவாதம்.

வழக்கமான கிட்டாருக்கு ஆறு தந்திகள். தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. ஏழாவதைச் சேர்த்தால் 62, எட்டாவதைச் சேர்த்தால் 46. தந்தி தொய்ந்துவிடாமல் இருக்க எட்டுத் தந்திக் கிட்டாரின் கழுத்தையும் நீட்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவு கீழே இறங்கும் ஒலி கைப்பேசியிலும் சமையலறை வானொலியிலும் கிட்டத்தட்ட வரவே வராது. அதன் மேற்சுரங்கள் மட்டும் கேட்கும். அடிச்சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒலிபரப்பில் இருக்கும் எனக்கு இந்த இடத்தில்தான் அவர்கள் பேச்சு பிடிபட்டது. கருவியைப் பற்றி இத்தனை பேசுகிறார்களே என்று வெளியாட்கள் சிரிக்கலாம். ஆனால் நெஞ்சில் வந்து இடிக்கும் ஒன்றைப் பற்றி அல்லவா பேசுகிறார்கள்! அதை வேறு எந்தச் சொல்லால் சொல்வது?

ஜப்பானில் இந்தப் பேச்சுக்குத் தனி உரிமையும் உண்டு. 1990இல் நகோயாவைச் சேர்ந்த ஐபனெஸ் நிறுவனம் ஸ்டீவ் வாய்க்காக ஏழு தந்தி ‘யூனிவர்ஸ்’ கிட்டாரைக் கொண்டுவந்தது. பெட்ரூச்சி 1994இல் ‘அவேக்’ ஆல்பத்துக்கு அந்தக் கிட்டாரைத்தான் எடுத்தார். பிறகு அமெரிக்காவின் மியூசிக் மேன் நிறுவனத்துக்கு மாறி, 2021 ஆல்பத்தில் எட்டுத் தந்திக்கும் போனார். “அந்த எட்டு திரும்ப வரும்” என்றார் ஓர் இளைஞர். “1992இல் ஆறு தந்தியிலேயே எல்லாவற்றையும் செய்துவிட்டார்கள்” என்றார் மற்றவர்.

மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தந்தி எத்தனையாக இருந்தால் என்ன, டிரம்ஸில் யார் உட்காருகிறார் என்பதுதான் முக்கியம் என்றார். போர்ட்னாய் 2010இல் குழுவைவிட்டு விலகினார். அவர் இடத்துக்கு மைக் மாங்கினி வந்தார்; குழுவுக்கு கிராமி விருது கிடைத்தது அவர் காலத்தில்தான் என்று இளைஞர்கள் உடனே நினைவூட்டினார்கள். 2020இல் பெட்ரூச்சியின் தனி ஆல்பத்துக்கு போர்ட்னாய் வாசித்தார். 2023 அக்டோபரில் குழுவுக்கே திரும்பினார். பதின்மூன்று ஆண்டு இடைவெளி.

மூத்தவர் தன் கதையைப் பிறகுதான் சொன்னார். கல்லூரி நாளில் அவரும் ஒரு குழுவில் கிட்டார் வாசித்தவர். 2004 ஏப்ரல் 26 அன்று புடோகான் அரங்கில் டிரீம் தியேட்டர் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வாசித்தபோது, தன் குழுவின் டிரம்ஸ்காரரோடு போயிருக்கிறார். மறு ஆண்டே, ஒத்திகை அறை வாடகையில் தொடங்கிய ஒரு பேச்சு வளர்ந்து இருவரும் பிரிந்துவிட்டார்கள். நண்பர் நிகாதாவுக்கே போய்விட்டார். பிள்ளை பிறந்தபோது இவர் தன் ஏழு தந்திக் கிட்டாரை விற்றுவிட்டார். போர்ட்னாய் திரும்பிய செய்தி வந்த இரவு, நிகாதாவுக்கு இரண்டு வரி எழுதினார். பதில் வர நான்கு நாள் ஆனதாம்.

அந்தப் புத்தாண்டு விடுமுறையில் நண்பர் தோக்கியோ வருவதாக இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஒத்திகை அறை பதிவாகியிருந்தது. அதற்காகத்தான் பழைய கிட்டார் தேடி வந்திருக்கிறார். வீட்டுச் சுவர் மெல்லியது, ஆம்ப்ளிஃபயர் வைக்க முடியாது என்றார். கடைக்காரர் இறக்கிக் கொடுத்த ஏழு தந்திக் கிட்டாரை மின்சாரம் இல்லாமலேயே வாங்கி, தடித்த தந்தியை ஒருமுறை மீட்டி, மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். இளைஞர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அங்கிருந்து இறங்கினால் சுருகதாய்ஷிதா சந்திப்பு. மேற்கே திரும்பினால் ஜிம்போச்சோ, பழைய புத்தகக் கடைகளின் ஊர். கிட்டாருக்கும் புத்தகத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், ஐபனெஸை நடத்தும் ஹோஷினோ நிறுவனமே 1908இல் ஒரு புத்தகக் கடையின் இசைப் பிரிவாகத்தான் பிறந்தது. மேலும் சற்று நடந்தால் குதான்ஷிதா. அகழியைக் கடந்து தயாசு வாசலுக்குள் நுழைந்தால் புடோகானின் எண்கோணக் கூரை. 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிக்காகக் கட்டியது. 1966இல் பீட்டில்ஸ் வாசித்தார்கள். நான் போன அன்று மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

கிட்டார் கடையிலிருந்து புடோகான் வாசலுக்கு அரை மணி நேர நடைதான். தோக்கியோ போகிறவர்கள் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்கலாம். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. பழைய கிட்டார்கள் இருக்கும் மாடிக்கு ஏறி, ஓரமாக நின்றாலே போதும். ஆல்பம் வந்த 2025 பிப்ரவரி 7 ஒரு வெள்ளிக்கிழமை. எட்டா, ஏழா, ஆறா என்பது அன்று தெரிந்துவிட்டது. வாக்குவாதம் மட்டும் முடியாது. அடுத்த ஆல்பம் எப்போது என்று ஆரம்பித்துவிடுவார்கள்.