வேகமாக ஓடியவள்

சென்ற கோடை விடுமுறையில் தாத்தா எனக்கும் தம்பிக்கும் ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டினார். 1938ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேஸஸ்'. "அழுக்கு முகச் சம்மனசுகள்" என்று தாத்தா அதற்குத் தமிழில் பெயர் சூட்டினார். கறுப்பு வெள்ளைப் படந்தானே என்று அலட்சியமாக உட்கார்ந்த எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நியூயார்க் நகரின் ஏழைத் தெருவில் ராக்கி, ஜெர்ரி என இரு சிறுவர்கள். சரக்கு ரயிலில் பேனாக்களைத் திருடப் புகுகிறார்கள். போலீஸ் துரத்துகிறது. தண்டவாளத்தில் ரயிலுக்கு இரையாக இருந்த ஜெர்ரியை ராக்கி இழுத்துக் காப்பாற்றுகிறான். ஜெர்ரி ஓடித் தப்புகிறான், ராக்கி அகப்படுகிறான். ஆனால் நண்பனைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆண்டுகள் கழிகின்றன. ஜெர்ரி குருவானவர் ஆகிறார். ராக்கி கொலைகாரனாகி மரண தண்டனை பெறுகிறான்.

அக்காலத்தில் ஹாலிவுட்டில் இத்தகைய சிறைப் படங்கள் பல வந்தன. இப்படத்தின் இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ், 1932இல் '20,000 இயர்ஸ் இன் சிங் சிங்' என்ற படத்தையும் எடுத்தவர். சிங் சிங் என்பது நியூயார்க் மாநிலத்துச் சிறை. அதன் தலைமை அதிகாரி லூயிஸ் லாஸ் எழுதிய நூலே அப்படத்திற்கு ஆதாரம். 2,500 கைதிகள், ஆளுக்குச் சராசரி 8 ஆண்டுகள்; ஆக 20,000 ஆண்டுகள்! கடமையின் பொருட்டுப் பலரை மின்சார நாற்காலிக்கு அனுப்ப நேர்ந்த அந்த அதிகாரியே மரண தண்டனை கூடாது என்று வாதாடி வந்தார் என்பது என்னைச் சிந்திக்க வைத்தது.

ராக்கியின் கதைக்கு வருவோம். தெருச் சிறுவர்கள் அவனை வீரனாகக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் அவன் வழியில் போகாதிருக்க, "சாகும்போது கோழையைப் போல் அழு" என்று குரு வேண்டுகிறார். தன்னிடம் மிஞ்சியிருப்பது தைரியம் ஒன்றுதான் என்று ராக்கி மறுக்கிறான். ஆனால் மின்சார நாற்காலியை நெருங்கியதும் கதறுகிறான். சுவரில் அவன் நிழல் துடிப்பதைக் காண்கிறோம்.

"நிஜமாகவே பயந்துவிட்டான்" என்றான் தம்பி. "இல்லை, பிள்ளைகளுக்காகத் தன் பெயரையே கொடுத்துவிட்டான்" என்றார் தாத்தா. ராக்கியாக நடித்த ஜேம்ஸ் காக்னி, 1976இல் வெளிவந்த தம் சுயசரிதையில், பார்ப்பவரே முடிவு செய்யட்டும் என்றுதான் அப்படி நடித்ததாகச் சொல்லியிருக்கிறார்.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. கடைசியில் குரு அச்சிறுவர்களைச் செபிக்க அழைக்கும்போது, தன்னைப்போல் வேகமாக ஓட இயலாத ஒருவனுக்காகச் செபிப்போம் என்கிறார். அப்படியானால் பீடத்திற்கும் மின்சார நாற்காலிக்கும் இடையே இருந்தது கால்களின் வேகம் மட்டுந்தானா?

தோழியரே, நானும் வேகமாக ஓடியவள்தான். ஆறாம் வகுப்பில் நானும் ஒரு தோழியும் மாங்காய்க்குக் கல்லெறிந்தோம். ஜன்னல் கண்ணாடி உடைந்தது. நான் ஓடிவிட்டேன், அவள் அகப்பட்டாள். முழந்தாளில் நின்றவள் என் பெயரைச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அவள் அப்பா பணம் கட்டினார். அதன்பின் 'நல்ல பிள்ளை' என்ற பெயர் எனக்கும், 'குறும்புக்காரி' என்ற பெயர் அவளுக்கும் நிலைத்தன.

விடுமுறை முடிந்ததும் சேமித்த பணத்துடன் அவள் வீட்டிற்குப் போனேன். "அதை நீ இன்னுமா மறக்கவில்லை?" என்று சிரித்தாள். பணத்தை வாங்க மறுத்தாள். இருவருமாகக் கோவிலுக்குப் போய்ப் புனித அந்தோணியார் உண்டியலில் போட்டோம். ஆனால் அவளுடைய நல்ல பெயரை உண்டியலில் போட்டுத் திருப்ப முடியாதல்லவா? ஆகவே இங்கே எழுதுகிறேன்: அந்தக் கல் என் கையிலிருந்து போனது.

எந்நிலையிலும் மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திருத்தினார். குற்றவாளியும் இறைவனின் பிள்ளையே. அவனுக்காகச் செபிக்கையில், அகப்படாத நம்மையும் சேர்த்துக்கொள்வோம்.