வடக்கே ஒரு நடை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நம் ஊர் வழியாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்துதான் நம்மில் பலர் நாள்தோறும் கல்லூரிக்கு வருகிறோம். அந்தச் சாலையின் தென்முனை கன்னியாகுமரி. வடமுனை காஷ்மீரத்து ஸ்ரீநகர். நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். கடக்கும்போது இருபுறமும் பார்க்கிறோமே தவிர, அது எங்கே போய் முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற கோடை விடுமுறையில் அதன் முடிவு வரை சென்று, அதற்கப்பாலும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் மலையேறி, லடாக்கின் லே நகரைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சுற்றுலாவுக்குப் போகவில்லை நண்பர்களே, லாரிக் கிளீனராகத்தான் போனேன்.

என் தந்தை லாரி ஓட்டுநர். வண்டி வேறொருவருடையது. வழக்கமாக டில்லியோடு சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவார். இம்முறை லே வரை மோட்டார் பம்புகள் ஏற்றும் நடை கிடைத்தது. கிளீனர் பையன் ஊருக்குப் போய்விட்டதால், “நானே வரட்டுங்களாப்பா?” என்று கேட்டேன். அம்மா தடுத்தார்கள். அப்பா சற்று யோசித்து, “வரட்டும். நாட்டைப் பார்த்த மாதிரியும் ஆச்சு” என்றார். அந்த நடைப் பணத்தில்தான் என் விடுதி உணவுப் பாக்கியைக் கட்ட வேண்டியிருந்தது. கிளீனர் கூலியும் வீட்டுக்கே மிஞ்சினால் நல்லதுதானே!

பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஜான்சி, ஆக்ரா, டில்லி, ஜலந்தர், ஜம்மு என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. சமவெளிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலும் தூசியும் சுங்கச்சாவடிகளும் எங்கும் ஒன்றே. ஜம்முவுக்கு அப்பால்தான் உண்மையான வடக்கு தொடங்குகிறது. என்றாவது ஒருநாள் அவ்வழியே செல்லவிருக்கும் நண்பர்களுக்காக, நான் கண்டவற்றையும் பட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, காலத்தைப் பற்றியது. முன்னர் நாள்கணக்கில் வண்டிகள் காத்துக் கிடந்த இடங்களில் இன்று சுரங்கப் பாதைகள் வந்துவிட்டன. 2017இல் திறக்கப்பட்ட செனானி–நஷ்ரி சுரங்கம் மட்டுமே 9 கிலோமீட்டர் நீளம். பனிஹாலிலும் சோனமார்க்கிலும் கூடச் சுரங்கங்கள் உண்டு. ஆயினும் சோனமார்க்கைத் தாண்டியதும் வரும் சோஜி லா கணவாய் இரக்கமற்றது. அதன் உயரம் 3,528 மீட்டர். ஒருபுறம் பனிச்சுவர், மறுபுறம் பாதாளம், நடுவே சேறு. வண்டிகளை முறை வைத்து ஒருவழியாக விடுகிறார்கள். ஆகவே, இத்தனை மணிக்கு இந்த ஊர் என்று கணக்குப் போட்டு யாரும் செல்லக்கூடாது. கையில் எப்போதும் இரண்டு நாள் உபரியாக இருக்க வேண்டும். பனி உருகி வரும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் நீர் பெருகிவிடும்.

இரண்டாவது, கையில் கொண்டுபோக வேண்டியவை. நம் ஊர் முன்கட்டணச் சிம் அங்கே வேலை செய்யவில்லை. அப்பாவிடமிருந்த பின்கட்டண எண்தான் உதவிற்று. ரொக்கப் பணம் வேண்டும். தடித்த ஒரே உடையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் உடைகளே நல்லவை. அங்கே நிழலில் குளிரும், வெயிலில் தோல் உரியும்.

மூன்றாவது, குக்கர்! புறப்படும் முன் அப்பா, “பெரிய சட்டி வேண்டாம், குக்கரை எடுத்து வை. மேலே போனாச் சோறு வேகாது” என்றார். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். ஆனால் முன்பு ஒருமுறை லே சென்று, அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்று அறிந்தவர். நாமோ அதைப் பாடமாகப் படித்திருக்கிறோம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

கார்கிலில் ஓர் இரவு தங்கி, 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவைக் கடந்து, சிந்து நதிக்கு இறங்கினோம். நிம்முவில் பச்சை நிறச் சிந்துவும் கலங்கிய ஜான்ஸ்கரும் கலக்கும் காட்சியை நான் என்றும் மறவேன். லேவுக்குச் சற்று முன்பு ‘காந்த மலை’ என்று ஓரிடம். மேட்டில் வண்டி தானாகவே ஏறுவதாகச் சொல்கிறார்கள். அப்பாவும் அதைக் காந்த சக்தி என்றே நம்பியிருந்தார். “இல்லீங்கப்பா. சுத்தியிருக்கிற மலைச் சரிவால இறக்கம் நம்ம கண்ணுக்கு ஏத்தமாத் தெரியுது, அவ்வளவுதான்” என்று விளக்கினேன். அவர் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை எந்தத் தேர்வு முடிவும் எனக்குத் தந்ததில்லை. “படிச்சவன் படிச்சவன்தான்” என்றார். அந்தச் சொல் என் தலைக்கு ஏறிவிட்டது.

லே சேர்ந்ததும், “இன்னிக்கு நாளைக்கு எங்கியும் போவாத. படுத்திரு கண்ணு. இங்க காத்து கம்மி” என்றார். அவர் சரக்கு இறக்கப் போனதும், நான் சாந்தி ஸ்தூபத்தைக் காணப் புறப்பட்டேன். ஏறத்தாழ ஐந்நூறு படிகள். இருபது வயதுக் கால்கள் ஓட்டமாகவே ஏறின. மேலிருந்து நகரத்தையும் பனி மலைகளையும் பார்த்து மகிழ்ந்தேன். இரவு தலை பிளந்தது. வாந்தி எடுத்தேன். தூக்கம் இல்லை, மூச்சு முட்டியது. விடியுமுன் அப்பா என்னைத் தோளில் சாய்த்து மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றார்.

பிராணவாயு வைத்தார்கள். அப்பா தமக்குத் தெரிந்த இந்தியில், பையன் பி.எஸ்ஸி. படிக்கிறான் என்று மருத்துவரிடம் சொன்னார். என்ன பாடம் என்று மருத்துவர் கேட்டார். “பிசிக்ஸ்” என்றேன். அவர் சிரித்தார். “அப்படியானால் காற்றழுத்தம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை” என்றார். அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை. அவரும் பெருமையோடு சிரித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். லே நகரின் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. முதலாண்டுத் தேர்வில் இதே வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் இருந்தது நல்ல சுரைக்காய்தான். சமைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. எனவே நான்காவது அறிவுரை இது: லே சேர்ந்த முதல் இரண்டு நாள்கள் ஓய்வெடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மதுவும் புகையும் கூடாது. தலைவலியை மறைக்காதீர்கள். நோய் முற்றினால் முதன்மையான மருந்து உடனே கீழிறங்குவதுதான். மாத்திரை வேண்டுமானால் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டு நாள் கழிந்தன. ஸ்ரீநகரில் ஏற்ற வேண்டிய திரும்பு சுமை வேறு லாரிக்குப் போய்விட்டது. ஜம்மு வரை வெறும் வண்டி. விடுதிப் பாக்கியை எண்ணி நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

சோஜி லாவில் இறங்கும்போது, எதிரே ராணுவ வண்டி ஒன்று முறை மாறி ஏறி வந்தது. அப்பா நம் லாரியைப் பாறையோரம் ஒதுக்கி நிறுத்தினார். “நம்ம முறைதானுங்களே, நாம ஏன் நிக்கோணும்?” என்றேன்.

“ஏறி வர்றவனுக்கு வழி விடோணும் கண்ணு. பாதியில நின்னுட்டான்னா மறுபடி கிளம்பறது கஷ்டம்” என்றார்.

மலைச்சாலையின் விதி அது. ஆனால் என் செவியில் அது சாலை விதியாக மட்டும் விழவில்லை. எங்கள் வீட்டில் ஏறிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். ஒதுங்கி நின்று வழி விட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பதை அன்றுதான் கண்டேன்.

விடுதிப் பாக்கியை இந்த ஆண்டு அச்சகம் ஒன்றில் மாலை வேலை பார்த்து நானே கட்டினேன். கல்லூரிக்கு வரும்போது 44ஆம் எண் சாலையில் வடக்கு நோக்கிப் போகும் லாரிகளைக் கண்டால், இப்போதெல்லாம் சற்று நின்று பார்க்கிறேன். உள்ளே குக்கர் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.