கத்தரி, பசை, கொஞ்சம் கொசுவத்தி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் மாசம் பேங்க்காரனுக்கு எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா. ஏப்ரல் வந்ததும் மூச்சு விடலாம்னு நினைச்சேன். அதற்குள் தங்கமணி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "என்னங்க, லீவுல நம்ம ஹால்லயே பிள்ளைங்களுக்கு பேப்பர் கிராஃப்ட் கிளாஸ் எடுக்கப் போறேன். பதினாலு பேர் சேர்ந்துட்டாங்க. சாமான் வாங்கறது உங்க பொறுப்பு."

ஆஸ்டின் டவுனில் இருப்பவர்களுக்கு எங்கள் வீட்டு ஹாலின் அளவு தெரியும். பதினாலு பிள்ளைகளை உட்கார வைத்தால் சோபா மாடிப்படிக்குப் போகணும். போனது.

நான் பி.காம். கலைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு பேலன்ஸ் ஷீட்டுக்கு இரட்டைக் கோடு போடுவதோடு சரி. ஆனால் சாமான் வாங்குவது கணக்கு விஷயம் ஆச்சே. ஒரு சனிக்கிழமை (ரெண்டாவது சனி, லீவு) சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி அவென்யூ ரோடு, சுல்தான்பேட்டை என்று சுற்றினேன். சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கும், அங்கே கிடைக்காத காகிதம் கிடையாது. நான் அரைகுறைக் கன்னடத்தில் ஆரம்பிக்க, கடைக்காரர் தமிழில் பதில் சொல்ல, விலை மட்டும் இந்தியில் முடிந்தது. பெங்களூரில் பேரம் என்றால் இதுதான் :-)

அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர். அதை நாலு தடவை பாதியாக்கினால் பதினாறு ஏ4. அப்போ நாம் ஆபீசில் பிரிண்ட் எடுக்கும் 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று ஐந்து கிராம், 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. ஜெர்மன்காரர்கள் 1922-ல் போட்ட அளவுத் திட்டம் இது, எத்தனை தடவை நீளத்தைப் பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாது. இருபத்தஞ்சு வருஷமா தினமும் தொடுகிற காகிதத்தைப் பற்றி இது எனக்குத் தெரியாமல் இருந்ததில் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்களுக்கு என் அனுபவக் குறிப்பு: ஓரிகாமிக்கு மெல்லிசான தாளே போதும். 80-க்கு மேலே போனால் நாலாவது மடிப்பில் பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும். வாழ்த்து அட்டைக்கு 200-க்கு மேலே. தண்ணீர் வண்ணம், பசை, துணி, காகிதம் எல்லாம் ஒரே தாளில் வரும் 'மிக்ஸ்டு மீடியா' சமாச்சாரத்துக்கு 300. அதற்குக் கீழே போனால் பசை காய்ந்ததும் தாள் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம், கையைச் சுட்டுக்கொள்ளும். ஆபீசில் ஒரு நண்பர், "ஒரு பக்கம் பிரிண்ட் ஆன வேஸ்ட் பேப்பர் மூட்டை மூட்டையா இருக்கே சார், எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்தப் பக்கத்தில் யாரோ ஒருத்தருடைய கணக்கு நம்பர் இருக்கும். பிள்ளைகள் அதில் யானை வரைவது நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். யாரும் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவரச் சொல்லக்கூடாது. பதினாலு கவர், பதினாலிலும் அதே கத்தரி, அதே தாள், அதே எண்ணிக்கை. தங்கமணி காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சார்ட் பேப்பர் கொண்டு வராததுக்காக வகுப்புக்கு வெளியே நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

இந்த நேரத்தில்தான் சாத்தூரிலிருந்து அக்கா வந்தாள். பேரனுக்கு மொட்டை போட்ட கையோடு, ஒரு பை நிறைய சேவோடு.

அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்வதாகத் திட்டம். ஒரு பக்கம் மட்டும் சிவப்பு பூசிய தடித்த அட்டை வாங்கியிருந்தேன், 22-க்கு 28 அங்குலம். ஐந்தரைக்கு ஏழு என்று வெட்டினால் குறுக்கே நாலு, நெடுக்கே நாலு, மொத்தம் பதினாறு. ஒரு துண்டு கூட வீணில்லை! முந்தின ராத்திரி உட்கார்ந்து ரெண்டு தாளையும் வெட்டி, ஏழை மூன்றரையாக மடித்தேன். மடித்த இடத்தில் சிவப்பு வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. இன்னொன்று. அதுவும் வெடித்தது. காலையில் பதினாலு பிள்ளைகள் வரும். கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சேவு கொறித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு அட்டையை வாங்கி ரெண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தாள். "கடைக்காரன் என்னல செஞ்சான். தாளுக்கும் நார் ஓடும். மரத்துக்கு ஓடுதுல்ல, அதே மாதிரி. நீ நாரை ஒடிச்சு மடிக்க. அதான் வெடிக்கி." அதே அட்டையை நெடுக்குவாட்டில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு. மடிப்பு கத்தி மாதிரி நின்றது. வெடிக்கவே இல்லை.

எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம்தான் நார் ஓடுகிறது, மடிப்பு அதே திசையில் விழணும். ஓரத் துண்டை நனைத்தாலும் தெரியும், நாருக்கு இணையாகச் சுருண்டுகொள்ளும். என் பதினாறு கணக்கு சரிதான், திசைதான் தப்பு.

இப்போ கொசுவத்தி. என் ஊர்க்காரர்களுக்குப் புரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதையை ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அந்தத் தொழிலின் ஒரு முனை எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது. ஏஜெண்ட் மரச்சீவலும் நீலத்தாளும் கொடுத்துவிட்டுப் போவார். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பூச்சி வராது, வாயில் பட்டால் விஷம். அம்மா, அக்கா, நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கொஞ்சம் ஒட்டுவேன். அக்கா எட்டாவதோடு நின்று முழு நேரமும் ஒட்டினாள். கூலி குரோஸ் கணக்கு, 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் திண்ணையில் அக்கா தன் அம்மாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யார் என்ன கேட்கப் போகிறார்கள். நான் பி.காம் முடிக்கும்வரை ஒட்டினாள்.

இதை நான் என் மகளிடம் சொன்னதே இல்லை. ஆபீசிலும் சொன்னதில்லை. "அப்பா பிரிண்டிங் சம்பந்தமான தொழில்" என்று ஒருமுறை சொன்னதாக ஞாபகம். லேபிள் பிரிண்ட் ஆனதுதானே!

மறுநாள் கிளாஸில் அக்கா ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் என்னைக் கூப்பிட்டு ரகசியமாக, "தம்பி, பெட்டி ஒட்டுறதுக்கு இந்தப் பிள்ளைகளுக்கு நாம எவ்வளவு குடுக்கணும்?" என்றாள். இல்லக்கா, அவங்கதான் நமக்குக் குடுக்கறாங்க, பத்து கிளாஸுக்கு ஆயிரத்து ஐநூறு என்றேன். "காசு குடுத்தா ஒட்டுதாக?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அட்டைகள் ஏழு அங்குல உயரத்தில் ஒல்லியாக வந்ததால் பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கி, தென்னை மரம், எம்.ஜி. ரோடு யுட்டிலிட்டி பில்டிங் என்று வரைந்து தள்ளினார்கள். அடுத்த வாரம் மிக்ஸ்டு மீடியா. பக்கத்து டெய்லர் கடைத் துணி, பழைய தினத்தந்தி, சாக்பீஸ் பொடியில் ஃபெவிகால் கலந்த மக்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு எழுப்புவது கிட்டத்தட்ட இந்த முறையில்தான், அதனால் இதை ஃபாரின் கலை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் பிறந்த பிள்ளைகள், தினத்தந்தித் தலைப்புகளைத் தலைகீழாக ஒட்டின. எனக்குத்தான் மனசு கேட்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அழகாத்தானே இருக்கு, விடுங்க" என்றார் தங்கமணி.

பெட்டி செய்யும் நாளன்று மைதா பசை அக்கா காய்ச்சினாள், துத்தம் இல்லாமல். ஒரு பிள்ளை ஒரு பெட்டி முடிப்பதற்குள் அவள் முன்னால் பத்து நின்றது. என் மகள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்லலாமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வை இன்னும் என்னவோ செய்கிறது. அத்தனை வருஷம் ஒட்டியவள், அதைச் சொல்வதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறாள்.

"நம்ம வீட்டுத் திண்ணையிலதான்மா. நானும் ஒட்டியிருக்கேன். அத்தை அளவுக்கு வராது" என்றேன். பிறகு அன்று சாயங்காலம் முழுக்க அதே பேச்சு. அடிப்பெட்டி எப்படி, மேல்பெட்டி எப்படி, மழை நாளில் பசை காயாமல் எத்தனை பெட்டி கழிந்து போகும் என்று அக்கா விடாமல் பேசினாள். இந்த வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் ரெண்டு ரூபாய் ஆனது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மகள் கூலி எவ்வளவு என்று கேட்டாள். அக்கா சொன்ன தொகையை இங்கே எழுத எனக்கு மனசில்லை. மகள் மொபைலில் 144-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, தப்பா போட்டுட்டேன்னு நினைச்சு மறுபடி வகுத்தாள்.

"ஒரு பொட்டிக்கு இவ்வளவுதானா அத்தை?"

"ஒத்தப் பொட்டிக்குக் கணக்குப் பாத்தா ஒட்ட முடியாது தாயி. குரோசுக்குத்தான் பாக்கணும்."

டிஸ்கி: 22-க்கு 28 அட்டையில் பதினாறு எடுக்கிறவர்கள் முதலில் நார் ஓடும் திசையைப் பார்த்துவிட்டுக் கத்தியை வையுங்கள். மீந்த சிவப்பு அட்டை எங்கே என்று கேட்காதீர்கள். அக்கா ஊருக்குப் போகும்போது மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எதுக்குக்கா என்றதற்கு, "கெடக்கட்டும்ல" என்று மட்டும் சொன்னாள்.